ஏழாம் மாடி நடைபாதையைப் பற்றி ஒரு திறந்த மடல்

எங்கள் நகர மன்றத்துக்கும், வசிப்போர் குழுவினருக்கும், முக்கியமாக சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் அண்டை வீட்டாருக்கும்,

வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். நான்கு மொழியிலும் இருந்தது. பொது நடைபாதையில் பிள்ளைகள் கூடுவதைத் தவிர்க்க வேண்டும், பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும், புகார் வந்திருக்கிறது என்று போட்டிருந்தது. தமிழில் ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது, அதை விடுங்கள். கீழே "7ஆம் தளம்" என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். ஏழாம் தளத்தில் இருப்பது பதினொரு வீடு. அதில் பிள்ளைகள் வந்து உட்காருவது ஒரே வீட்டு வாசலில்தான். பெயர் போடாத மரியாதைக்கு நன்றி. ஆனால் மறுநாள் காலை ஈரச்சந்தையில் குராவ் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "ஆன்ட்டி, அது உங்களைத்தானே?" என்று.

ஆமாம், என்னைத்தான்.

ஒரு தொடக்கப்பள்ளிக் கேன்டீனில் 19 வருடம் மீஹூன் என்ற அரிசிச் சேமியா விற்றவள் நான். முட்டி தேய்ந்து, நின்று வேலை பார்க்க முடியாமல் போனதும் கடையை விட்டேன். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மகள் பொங்கோலில், மகன் மெல்பர்னில். பகல் முழுக்க மரக்கதவைத் திறந்து போட்டுவிட்டு இரும்புக் கேட்டை மட்டும் சாத்தி வைத்திருப்பேன். கதவைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும். நடந்ததற்கெல்லாம் மூலகாரணம் இவ்வளவுதான். கதவு திறந்திருந்தது, பிள்ளைகள் வந்தார்கள்.

முதலில் வந்தவன் ஒன்பதாம் மாடிச் சீனப் பையன். அப்போது தொடக்கநிலை மூன்று படித்துக்கொண்டிருந்தான். வந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு மதியம் இரண்டு மணி இருக்கும். சாவியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறான். பூட்டிய கதவுக்கு முன்னால் தனியாக நிற்கப் பிடிக்காமல் படியிறங்கி எங்கள் நடைபாதைக்கு வந்து, என் துளசித் தொட்டியை ஏதோ அறிவியல் பாடம் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் பை. கையில் காலித் தண்ணீர் போத்தல். அதை முழங்காலில் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழுந்து வந்தேன். "சாப்பிட்டியாப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "அம்மா ஏழு மணிக்கு வருவாங்க" என்றான். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் கேன்டீனில் நின்றவளுக்கு அது புரியும்.

அம்மாவின் கைத்தொலைபேசி எண் அவனுக்கு மனப்பாடம். நல்ல வளர்ப்பு. அழைத்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு கிழவி "உங்கள் மகன் என் வீட்டு வாசலில் இருக்கிறான்" என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது. "ஏழாம் மாடி, துளசிச் செடி வைத்திருக்கும் இந்திய ஆன்ட்டி" என்றதும்தான் மூச்சு விட்டாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. மடக்கு முக்காலியை வெளியே போட்டேன். காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவி இரண்டு ரொட்டி, ஒரு கோப்பை மைலோ. வீட்டுப்பாடத்தைத் தொடையில் வைத்து எழுதினான். ஏழு மணிக்கு அம்மா ஓடி வந்தாள், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். அலுவலகத்திலிருந்து வரும் வழியில் எங்கே நின்று வாங்கினாளோ.

அடுத்த வாரம் சாவி இருந்தும் வந்தான். அவன் பின்னால் எங்கள் தளத்து மலாய்க்காரப் பெண்பிள்ளை வந்தாள். அப்புறம் நான்காம் மாடியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். சில நாள் நான்கு பேர், சில நாள் ஒருவர், சில நாள் ஒருவரும் இல்லை. பரீட்சைக் காலத்தில் துணைப்பாட வகுப்புக்கு ஓடிவிடுவார்கள், வாசலில் எறும்புகூட வராது. நீங்கள் அறிவிப்பில் "கூட்டம்" என்று எழுதியிருப்பது இதைத்தான்.

அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போன வருடம் அவர்களுக்கு அஞ்சாங்கல் சொல்லிக்கொடுத்தேன். இங்கே பள்ளியில் "ஃபைவ் ஸ்டோன்ஸ்" என்று முக்கோணத் துணிப்பை வைத்து விளையாடுவது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கடையில் வாங்கிய பை இலேசாக இருக்கும், கையில் நிற்காது. பழைய ரவிக்கைத் துணியை வெட்டி, பச்சைப்பயறு போட்டு நான் தைத்தேன். ஒரு பைக்கு எத்தனை பயறு என்பதில் பெரிய விவாதம். மலாய்ப் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். ஐந்தும் ஒரே கனமாக இருக்க வேண்டுமாம். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தவள் கடைசிப் பையில் நாற்பதோடு பயறு தீர்ந்துபோய், என் சமையலறை டப்பாவில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அந்த நாற்பத்திரண்டு பயறுப் பையைத் தூக்கிப் போட்டு, கீழே கிடப்பதை வாரி, விழுகிறதைப் பிடிக்க வேண்டும். தவறினால் ஒரு கூச்சல் வரும். அந்தக் கூச்சல்தான் உங்கள் செயலியில் புகாராக வந்து விழுந்திருக்க வேண்டும். இல்லை என்று நான் சொல்லவில்லை. கூச்சல்தான். சிமெண்டுத் தரையில் அது இரண்டு மடங்காக எதிரொலிக்கும், அதுவும் உண்மை.

புகார் கொடுத்தவர் யார் என்று நான் தேடவில்லை. தேடவும் மாட்டேன். அவருக்குத்தான் இப்போது ஒன்று சொல்ல வேண்டும்.

ஐயா, அல்லது அம்மா, என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பாதி மாதம் இரவுப் பணி. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். அப்போது, 1980களின் கடைசியில், எங்கள் நடைபாதை இப்போது மாதிரி இல்லை. ஒன்பது பத்துப் பிள்ளைகள் ஓடுவார்கள். அதில் இரண்டு என்னுடையது. புளோக் கேச்சிங் என்று புளோக் முழுக்க மேலும் கீழும் ஓடிப் பிடிக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. அந்தக் கும்பல் எங்கள் வாசலைக் கடக்கும்போது சன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெளியே போய் நின்று, "அங்கிள் ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு வந்து தூங்குறாரு" என்றேன். அவ்வளவுதான். அன்று முதல் எங்கள் சன்னலுக்கு முன்னால் வரும்போது மட்டும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஓடுவார்கள். புதிதாக வந்து சேர்ந்த பையனுக்குப் பழைய பையன் சொல்லிக்கொடுப்பான், "இங்கே அங்கிள் தூங்குறாரு" என்று. என் கணவர் பகல் பணியில் இருந்த வாரங்களில்கூட, காலி வீட்டுக்கு முன்னால் அப்படி ஓடினார்கள்.

அதனால் கேட்கிறேன். நீங்கள் இரவுப் பணி பார்ப்பவரா? வீட்டில் நோயாளி இருக்கிறாரா? கைக்குழந்தை மதியம் தூங்குகிறதா? அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று தெரிந்தால் அதுவரை அஞ்சாங்கல்லை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன், பல்லாங்குழியைக் கொடுப்பேன். அதில் கூச்சல் வராது, சண்டைதான் வரும். இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் யாருக்கோ தொந்தரவு என்பது மட்டும்தான். எந்த நேரம், எந்த நாள், எந்தப் பக்கத்துச் சுவர், எதுவும் தெரியாது. தெரியாததை எப்படித் திருத்துவது?

நகர மன்றத்தார் இந்த இடத்தில் சட்டதிட்டம் பேசலாம். பேசுவோம். அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த ஆலோசனைக் குழு 2023ல் இரவு 10 மணியிலிருந்து காலை 8 மணிவரை அமைதி நேரம் என்று பரிந்துரைத்தது. என் வாசலில் பிள்ளைகள் இருப்பது மதியம் இரண்டிலிருந்து ஐந்து, ஐந்தரை. நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அறிவிப்பு வந்த அன்றே தையல் டேப் எடுத்து அளந்தேன். முக்காலியை விரித்துப் போட்டாலும் வழி மிச்சம் இருக்கிறது, மடக்கினால் இன்னும் தாராளம். துளசித் தொட்டிதான் நான்கு விரல் வெளியே இருந்தது, நகர்த்திவிட்டேன். அண்டை வீட்டுத் தகராறுக்கு 1998 முதல் சமூகச் சமரச நிலையம் இருக்கிறது, 2015 முதல் நடுவர் மன்றமே இருக்கிறது. எல்லாம் வேண்டியதுதான். மேல்வீட்டுக்காரன் நள்ளிரவில் தரையில் சுத்தியல் போட்டு அடித்தால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் சிரிப்புக்கும் அதே பாதையின் முதல் படியில்தான் கால் வைக்க வேண்டுமா? பதினொரு வீட்டில் ஒரு வீட்டுக்கு நடந்து வர இருபது எட்டுகூட ஆகாது.

பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றும் யாராவது சொல்ல வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை. அதுவும் நம் புளோக்கில் மட்டும் இல்லை, தீவு முழுக்க உள்ளதுதான். 2016ல் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட்டைத் தடுக்கக் கம்பித் தடுப்பே போட்டு, அது ஊரெல்லாம் பேச்சானது நினைவிருக்கும். விளையாட்டுத் திடல் இருக்கிறது, மதியம் இரண்டு மணி வெயிலில் அந்தச் சறுக்குமரத்தில் தோசை சுடலாம். வீட்டில் யாரும் இல்லை. மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கு எல்லாரும் போவதில்லை, போக விரும்பாத பிள்ளையும் உண்டு. இப்போது நடைபாதையும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது கைத்தொலைபேசித் திரைதான். அது சத்தம் போடாது, யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள்.

இந்த நாட்டில் 2023ல் மொத்தக் குழந்தைப்பேறு விகிதம் 0.97க்கு இறங்கிவிட்டது, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை. பிள்ளை பெறச் சொல்லி 2001லிருந்து அரசாங்கம் குழந்தை போனஸ் கொடுக்கிறது. பெற்ற பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்கக் கூடாது என்றால் எப்படி? சரி, இது கொஞ்சம் கிழவிப் பேச்சு. விட்டுவிடுகிறேன்.

பழையதை நினைத்து உருகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு வெள்ளைக்காரன் தளத்தில் வேலை. 1971ல் அவர்கள் கிளம்பிப் போகிறவரை எங்களுக்கு உலகமே அந்த வரிசை வீடுகள்தான். எந்த வீட்டிலும் நுழைவோம், எந்த வீட்டிலும் சாப்பிடுவோம். மலையாளத்துச் சேச்சி வீட்டில் புட்டு, மலாய்க்கார நேனெக் (பாட்டி) வீட்டில் கோரெங் பீசாங் என்ற வாழைப்பழப் பொரியல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது வீட்டு மாமா எங்கள் எல்லாரையும் பிரம்பால் விளாசுவார். வீட்டில் போய்ச் சொன்னால், "சரியாத்தான் அடிச்சிருக்காரு" என்பார் அம்மா. எந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பெண்பிள்ளைகளுக்குள் மட்டும் தெரியும், பெரியவர்களிடம் சொல்ல மாட்டோம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம்.

அதனால்தான் என் வாசலில் சில கறார்கள் உண்டு. பிள்ளைகள் உள்ளே வருவது கழிவறைக்கு மட்டும், அப்போதும் கேட்டும் கதவும் விரியத் திறந்திருக்கும், நான் வெளியே முக்காலியில் இருப்பேன். பெற்றோர் நால்வரின் எண்ணும் குளிர்பதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. எந்தப் பிள்ளை வந்தாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். பெற்றோர் சரி என்று சொல்லாத பிள்ளைக்கு என் வாசலில் தண்ணீர் மட்டும்தான். பலகாரம் தரும்முன் கேட்டுவிடுவேன். மலாய்ப் பிள்ளைக்கு ஹலால் பார்க்க வேண்டும், அதற்கென்றே அவள் கோப்பையும் தட்டும் தனியாக வாங்கி வைத்தேன். ஒன்பதாம் மாடிப் பையனுக்கு நிலக்கடலை ஆகாது. அதை அவன் அம்மா சொல்லாமல் விட்டிருந்தால் தீபாவளி மிக்சர் ஒரு கைப்பிடி கொடுத்திருப்பேன், நினைத்தாலே கை நடுங்குகிறது. தெரியாத பெரியவர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் பயப்படுவதில் தப்பே இல்லை. என்னையும் சந்தேகமாகப் பாருங்கள். வந்து பார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

நம் கதவுகள் எப்போது சாத்தப்பட்டன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாங்கள் 1985ல் ஈசூனில் இந்த வீட்டுக்கு வந்தபோது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுக்கு ஐந்தில் இறங்கி ஏற வேண்டும், இல்லை ஒன்பதில் இறங்கி வர வேண்டும். சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது திட்டாத நாள் இல்லை. ஆனால் அந்தத் திட்டலில் பாதிப் புளோக்கும் அடுத்தவர் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போனது. யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் விருந்தாளி என்று கடந்து போகும்போதே தெரியும். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் பிறகு எங்களுக்கும் வந்தது. இப்போது என் முட்டிக்கு அது தெய்வம். அதே நேரம் யாரும் யார் வாசலையும் கடக்க வேண்டியதில்லை. அப்புறம் குளிர்சாதனம். அதைப் போட்டால் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும். யார்மேலும் குற்றமில்லை. ஒவ்வொரு வசதி வந்தபோதும் ஒரு கதவு சாத்திக்கொண்டது.

1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எத்தனை வீடு என்று கணக்கு வைத்தார்கள். அதனால்தான் என் வலப்பக்கம் ஹொக்கியன் பேசும் சீனப் பாட்டி, இடப்பக்கம் மலாய்க் குடும்பம். கணக்கு நம்மைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. பக்கத்து வீட்டுக்குத் தட்டை அனுப்பியது பிள்ளைகள்தான். நோன்புப் பெருநாளுக்கு மலாய்ப் பிள்ளை ஒரு தட்டு குயே பலகாரம் கொண்டு வருவாள். தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார், ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டு அனுப்புவேன். அந்தச் சர்க்கரையைப் போகிற வழியிலேயே அவள் நக்கிவிடுகிறாள் என்பது எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். தீபாவளிக்கு என் கோலத்தைப் பார்க்க வந்த ஹொக்கியன் பாட்டியின் பேத்தி இப்போது ஐந்து புள்ளிக் கோலம் தப்பில்லாமல் போடுகிறாள். நான்காம் மாடித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். "அவங்ககிட்ட தமிழ்லயே பேசுங்க ஆன்ட்டி" என்று அவர்கள் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டார், அதையும் பாதி ஆங்கிலத்தில். ஆனால் ஒன்பதாம் மாடிச் சீனப் பையன் மைலோ கோப்பையை நீட்டி "போதும் ஆன்ட்டி" என்று சுத்தமாகச் சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டுத் தம்பிக்காரனும் இப்போது "போதும்" என்கிறான். தமிழைச் சீனப் பையனிடம் கற்றுக்கொண்டான் என்று நான் கேலி செய்வதுண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை, இது உங்கள் பக்கத்தில் நின்று சொல்வது. பிள்ளையை அழைத்துப் போக வரும்போது வாசலில் நின்று "மன்னிக்கணும், தொந்தரவு" என்று மூன்று முறை சொல்ல வேண்டாம். ஒரு முறை போதும். ஒரு தாய் பணம் வைத்த உறை ஒன்றை நீட்டினார், வாங்கவில்லை, அவர் முகம் வாடிப்போனது. நான் பராமரிப்பு நிலையம் நடத்தவில்லை. நடத்தினால் உரிமம் வேண்டும், என் முட்டிக்கு அது ஆகாது. பதிலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை பத்து கிலோ அரிசியை மேலே தூக்கி வைத்துவிட்டுப் போங்கள். அப்புறம், ஐந்தரைக்குமேல் தாமதமாகும் என்றால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஏழரை வரை விட்ட நாள் ஒன்று இருந்தது. பிள்ளை மின்தூக்கிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தான்.

வசிப்போர் குழுவினர் நல்ல எண்ணத்தில்தான் வீட்டுக்கு வந்தீர்கள், அதை மறக்கவில்லை. அறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது, நான் தொண்டூழியராகப் பதிந்துகொண்டால் மாதம் ஒரு சனிக்கிழமை கீழ்த்தளத்தில் "பாரம்பரிய விளையாட்டு" நிகழ்ச்சி நடத்தலாம், பதாகை போடலாம், படம் எடுக்கலாம் என்றீர்கள். படிவம் மூன்று பக்கம். நான் மரியாதையாகத்தான் மறுத்தேன், ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று பிறகு தோன்றியது. இப்போது சொல்கிறேன். சாவியை மறந்த பிள்ளை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பார்த்து மறப்பதில்லை. கணக்குப் பரீட்சையில் 38 வாங்கிய நாளன்று, அம்மா வருவதற்குமுன் யாரிடமாவது அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளைக்கு இருக்கும். மலாய்ப் பிள்ளை அப்படித்தான் தாளை நான்காக மடித்துக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "எங்கள் வீட்டில் காட்டும்முன் நீங்கள் ஒரு தடவை திட்டிவிடுங்கள்" என்றாள். ஒத்திகை பார்க்கிறாளாம். அதற்கெல்லாம் நிகழ்ச்சி நிரல் போட முடியாது. நிகழ்ச்சி நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வந்து வேண்டுமானால் முறுக்கு சுட்டுத் தருகிறேன். வாசலுக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

இனி நான் கேட்பது. அறிவிப்பில் இரைச்சலைக் குறைக்கச் சொல்லும் வரி இருக்கட்டும், அது நியாயம். "கூடுவதைத் தவிர்க்க" என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நடைபாதையில் பிள்ளைகள் பற்றிப் புகார் வந்தால், தாள் ஒட்டுவதற்குமுன் ஒரு ஆள் மேலே வந்து பார்க்கட்டும். எந்த நேரத்தில் தொந்தரவு என்று புகார் கொடுத்தவரிடம் கேட்டு, பெயர் சொல்லாமல் நேரத்தை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், போதும்.

ஏனென்றால் அந்தத் தாளைப் பெரியவர்கள் மட்டும் படிக்கவில்லை. அது ஒட்டிய மறுநாள் ஒன்பதாம் மாடிப் பையன் வந்தான், உட்காரவில்லை. இப்போது தொடக்கநிலை ஐந்து, நன்றாக உயர்ந்துவிட்டான். ஆங்கிலத்திலும் சீனத்திலும் படித்திருக்கிறான், இரண்டிலும் ஒரே அர்த்தம்தானா என்று ஒப்பிட்டும் பார்த்திருக்கிறான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே, "ஆன்ட்டி, கூடுவது என்றால் எத்தனை பேர்?" என்று கேட்டான். கொவிட் காலத்தில் எட்டுப் பேர், ஐந்து பேர், இரண்டு பேர் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா. "நானும் அவளும் மட்டும் என்றால் இரண்டு பேர்தான். இரண்டு பேர் பரவாயில்லையா? மற்றவர்கள் வேறு நாளில் வரலாம், நான் அட்டவணை போட்டுத் தருகிறேன்" என்றான். போட்டும் கொண்டு வந்தான். திங்கள், செவ்வாய் என்று கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயர். என் பெயரை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. கேட்டதற்கு, "நீங்கள் வீட்டுக்காரர், நீங்கள் கணக்கில் வர மாட்டீர்கள்" என்றான். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் நகர மன்றத்துக்கு நகல் அனுப்புகிறேன், உங்கள் அறிவிப்பைவிட எழுத்து அழகாக இருக்கிறது.

அந்த அட்டவணைப்படிதான் இரண்டு வாரமாக வருகிறார்கள். வாசல் அமைதியாகத்தான் இருக்கிறது.

புகார் கொடுத்த அண்டை வீட்டாரே, நீங்கள் வந்து நேரத்தைச் சொல்லிவிட்டால் அட்டவணையைக் கிழித்துவிடலாம். வியாழக்கிழமை காலையில் பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுவேன், திரும்ப மதியம் ஒரு மணி ஆகிவிடும். மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். மணி ஆறு மாதமாக வேலை செய்யவில்லை, மருமகன் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கேட்டைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் மாடி, துளசிச் செடி ஆன்ட்டி